மேல் வரியில் இருந்த பெயர்

பிரகாஷ், இதை வேலையிடத்தில் பிரிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து முழுவதையும் படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வாயால் சொல்லும் துணிவு எனக்கு இருந்திருந்தால் இந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒரு நாளாவது சொல்லியிருப்பேன். நீ பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தில் படித்தபோது கணினிப் போட்டியில் உன் படைப்பு பிறருடையது என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள். அதனால் உன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவன் தினேஷ் என்று இன்றுவரை நம்புகிறாய். எழுதியவள் நான்.

இந்தக் கடிதத்தை நம் சங்க இதழுக்கும் கொடுத்திருக்கிறேன். உன் கைக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் அச்சிடுவார்கள். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப வாங்கிக்கொள்வேன். அன்று எழுதியதன் கீழே, என் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்து, உறையிலிட்டு ஒட்டினேன். அதனால் இதைத் திறந்தே எழுதுகிறேன். அந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னிடம் பாடம் படித்தவர்கள். நேர்மை என்ற தலைப்பில் அவர்களை எத்தனை கட்டுரை எழுத வைத்திருக்கிறேன் தெரியுமா? அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

போன மாதம் நீயும் மீனாவும் வீட்டுக்கு வந்து அழைப்பிதழ்ப் பட்டியல் எழுதினீர்கள். நான் பெயர்களை வாசிக்க, மீனா கட்டம் போட்டு எழுதினாள். பிரிக்பீல்ட்ஸில் பழைய குவார்ட்டர்ஸ் வீட்டு வரிசையில் நம்மோடு இருந்தவர்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது, "தினேஷ்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ வேண்டாம் என்று சொல்வாய் என்று தெரியும். ஒருவேளை சொல்லமாட்டாயோ என்ற ஆசை.

"அவன் வேணாம்மா," என்றாய்.

"யாரு தினேஷ்? நீங்க சொன்னதே இல்லையே," என்றாள் மீனா.

"சின்ன வயசுல என் பெஸ்ட் ஃபிரண்டு. என்னைக் காட்டிக் குடுத்தவன். அவனாலதான் நான் கம்ப்யூட்டர் பக்கமே போகல."

"அவர்தான்னு எப்படித் தெரியும்? கேட்டீங்களா?"

"கேக்கணுமா? நான் எழுதுன புரோகிராம் கோட வேற யாருமே பாத்தது இல்ல. அவன் ஒருத்தன்தான் பாத்தான்."

மீனா உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பியை ஊற்றி அவள் முன்னால் வைத்தேன். ஒரு சொட்டுக்கூடத் தட்டில் சிந்தவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உன் கணினி நிரலை வேறு யாருமே பார்க்கவில்லை என்றாய். நீ எனக்குக் காட்டினாய், பிரகாஷ். உனக்கு நினைவில்லை. எனக்கு அது புரியாது என்பதால் நான் பார்த்ததை நீ கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அல்லது, அம்மா என்பதால்.

அப்போது உன் அப்பா போர்ட் கிள்ளானுக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். ரயிலைத் தவறவிட்டுவிட்டு நிலையத்திலிருந்து போன் செய்வார். நீ அவருக்காக ஒரு விட்ஜெட் செய்தாய். அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கணினித் திரையின் மூலையில் ஒட்டிக்கொண்டு, நேரத்தையோ வானிலையையோ எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும் சிறு பெட்டி அது. உன்னுடைய பெட்டி அடுத்த ரயிலின் நேரத்தைக் காட்டியது. அதோடு, வீட்டிலிருந்து நிலையத்துக்கு அப்பா நடக்கும் நேரத்தைக் கழித்து, எத்தனை நிமிடத்தில் செருப்பைப் போட வேண்டும் என்றும் சொன்னது. அப்பாவின் நடை பதினொரு நிமிடம் என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய் அளந்தாய். முழங்கால் வலி வந்த பிறகு அதைப் பதினான்காக மாற்றினாய். ஒரு பொத்தானை அமுக்கினால் தமிழ், மறுபடி அமுக்கினால் மலாய், மறுபடி அமுக்கினால் ஆங்கிலம். அந்தத் தமிழ் வரிகளை என்னிடம் கொண்டுவந்தாய். மூன்று இடத்தில் திருத்திக் கொடுத்தேன். அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டாய். அதை நான் காப்பி அடிப்பது என்று நினைக்கவில்லை.

போட்டிக்கு அனுப்புவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை காலை, "அம்மா, உள்ள எப்படி இருக்குன்னு பாருங்க," என்று கூப்பிட்டாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். திரை நிறைய ஆங்கில எழுத்து, அடைப்புக்குறி, எண்கள். எனக்குப் புரிந்தது முதல் வரி மட்டும். அதில் ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயர் இருந்தது.

"இது யாரு?" என்று கேட்டேன்.

"அவர்தான்மா மொதல்ல எழுதுனவரு. வெறும் கடிகாரம். நான் அத எடுத்து மாத்துனேன்."

"எடுத்துன்னா?"

"காப்பி பண்ணி, அப்புறம் ஒவ்வொண்ணா மாத்தி…"

அதற்குமேல் எனக்குக் காது கேட்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பாய். நான் பாராட்டினால் அப்படித்தான் பாராட்டுவேன்.

கிள்ளானில் கான்வென்டில் படித்தபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் புவியியல் வரைபடத்தைப் பார்த்து வரைந்தாள் என்று நான் எழுந்து நின்று சிஸ்டரிடம் சொன்ன கதை உனக்குத் தெரியும். எனக்கு ஒரு புனிதர் படம் பரிசாகக் கிடைத்ததும் தெரியும். நீ சிறுவனாக இருந்தபோது அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அவள் அதற்குப் பிறகு பள்ளி முடியும்வரை என்னிடம் பேசவில்லை. வேறு யாரும் என் பக்கத்தில் விரும்பி உட்காரவும் இல்லை. அதை நான் பெருமையாகவே எண்ணிக்கொண்டேன். சரியான காரியத்தைச் செய்பவர்கள் தனியாகத்தான் உட்காருவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகலே உட்கார்ந்து எழுதினேன். போட்டியை நடத்திய தனியார் கல்லூரிக்கு, நல்ல ஆங்கிலத்தில், ஒரு பக்கம். நான் முப்பது ஆண்டு ஆசிரியை, இவன் என் சொந்த மகன், மனம் வருந்தித் தெரிவிக்கிறேன், இந்தப் படைப்பின் முதல் வரியிலேயே வேறொருவர் பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று. உன்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்வாய், அந்தப் பதிலில் நான் இளகிவிடுவேன் என்று நினைத்தேன்.

கொள்கை, கொள்கை என்று இதுவரை எழுதிவிட்டேன். பாதி அதுதான். மறுபாதியையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பழைய கடிதத்தைப் போல் ஆகிவிடும். அந்தப் போட்டியில் முதலாவதாக வருபவனுக்கு அந்தக் கல்லூரியில் கணினி படிக்க இடம் தருவார்கள். நீ முதலாவதாக வருவாய் என்று உன் ஆசிரியர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு நீ சட்டம் படிக்க வேண்டும். கறுப்பு அங்கி போட்டு உன்னை மனத்தில் நிற்க வைத்து வெகு நாளாகியிருந்தது. திரையில் அந்த வெளிநாட்டுப் பெயரைப் பார்த்தவுடன் எனக்கு வந்தது கோபம் மட்டும்தானா என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நிம்மதியும் வந்தது. ஒரு தாய்க்கு அந்த நேரத்தில் அது வந்திருக்கக் கூடாது.

இதைவிட மோசமானது இனிமேல்தான் வருகிறது. கடிதத்தை உறையிலிட்டு வெளியே வந்தேன். தினேஷ் சைக்கிளில் வாசலில் நின்றுகொண்டு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நீ குளித்துக்கொண்டிருந்தாய். "ஆன்டி, கடைக்குப் போறேன், ஏதாச்சும் வாங்கணுமா?" என்றான். எப்போதும் கேட்பான். உறையை அவனிடம் நீட்டி, "இத போஸ்ட் பண்ணிடு," என்றேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். உறையின் மேல் என் கையெழுத்தில் அந்தக் கல்லூரியின் முகவரி இருந்தது.

இரண்டு வாரத்தில் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்கள் எதையும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓர் ஆசிரியை, அதிலும் பெற்ற தாய், எழுதியிருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்? உன்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் புகார் செய்தார் என்று மட்டும் உன் ஆசிரியரிடம் சொன்னார்களாம். நீ பள்ளியிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "தினேஷ்தான்," என்றாய். உன் அப்பா என்னைப் பார்த்து, "யாரு எழுதியிருப்பா?" என்று கேட்டார். "யாருக்குத் தெரியும்," என்றேன். பொய்யே சொல்லாதவள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவள், உப்புச்சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் டியூஷன் வாசலில் நீ தினேஷை அடித்தாய். அவன் உதடு கிழிந்ததாகப் பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னார். அவன் திருப்பி அடிக்கவில்லை என்றும் சொன்னார்.

அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றே தெரியும். அவன் வந்து சொல்லட்டும், சொன்னால் ஒத்துக்கொள்வேன் என்று முதல் வாரம் முழுவதும் காத்திருந்தேன். அவன் வரவில்லை. அவன் பேசாமல் இருப்பதை நான் பயன்படுத்திக்கொண்டேன். வேறு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு எதிரே வந்தால் நான் சாலையின் மறுபக்கம் போய்விடுவேன். அவன் அங்கிருந்தே, "ஆன்டி, சாப்பிட்டீங்களா?" என்று குரல் கொடுப்பான். உன் அப்பா இறந்தபோது வந்து, கூட்டத்தில் நீ பார்க்காத இடத்தில் நின்றுவிட்டுப் போனான். நான் பார்த்தேன்.

நீ சட்டமும் படிக்கவில்லை. எதையோ படித்து, இப்போது போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருக்கிறாய். நல்ல வேலைதான். ஆனால் உன்கீழ் வேலை செய்பவர்கள் ஒருவரையும் நீ நம்புவதில்லை என்று நீயே சொல்லிச் சிரிக்கிறாய். லோரிக்காரர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மூன்று முறை சரிபார்ப்பதாகச் சொல்கிறாய். பதினேழு ஆண்டுகளில் ஒருவரைக்கூட 'என் ஃபிரண்டு' என்று சொல்லி நீ வீட்டுக்கு அழைத்து வரவில்லை. இப்போது ஒரு பெண்ணோடு வாழப் போகிறாய். அவள் அன்று உன் முகத்தைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவள்மேல் குறை இல்லை. தன்னையும் ஒரு நாள் கேள்வி கேட்காமலே தள்ளி வைத்துவிடுவானோ என்று யோசிப்பவளின் பார்வை அது.

இத்தனை நாள் நான் செய்தது கடுமை, ஆனால் நியாயம் என்றே நினைத்திருந்தேன். தினேஷ் விஷயத்தில் மட்டுமே வெட்கப்பட்டேன். நியாயம் என்று நினைத்ததும் தவறு என்று தெரிந்தது இந்த ஆண்டுதான்.

நான் கணினி வகுப்புக்குப் போவதை நீ கேலி செய்தாயே, அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் மூத்தோருக்கு இரண்டு வகுப்பு நடத்தினார்கள். ஒன்று வாட்ஸ்அப்பும், போலி அழைப்பில் ஏமாறாமல் இருப்பதும். இன்னொன்று, கணினித் திரைக்கு விட்ஜெட்டும் பிளக்கினும் எழுதுவது. பெயர் பதிந்த பெண் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, அது கொஞ்சம் கஷ்டம் லா. இதுல சேருங்களேன்," என்றாள். கஷ்டம் என்று என்னிடம் சொன்ன பிறகு வேறு எதில் சேர முடியும்? அதோடு, விட்ஜெட் என்ற சொல்லை உன் வாயில்தான் முதலில் கேட்டேன். அது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது.

சொல்லித் தந்தவள் ஷாமினி. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதல் நாள் ஒரு கடிகார விட்ஜெட்டின் கோப்பை எல்லோருக்கும் அனுப்பினாள். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொண்டார்கள். நான் புதிய பக்கத்தைத் திறந்து அதைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தேன்.

"ஆன்டி, என்ன பண்றீங்க? காப்பி பேஸ்ட் பண்ணுங்க, போதும்."

"நான் காப்பி அடிக்கமாட்டேன்."

எனக்குப் பின்னால் இருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் ஷாமினியிடம், "விடுங்க டீச்சர். அவங்க கான்வென்ட்டு. காப்பி அடிச்சா சிஸ்டருங்க மேலேர்ந்து இறங்கி வந்துருவாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஷாமினி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாரும் இப்படித்தான் கத்துக்கிறோம் ஆன்டி. ஒருத்தர் எழுதுனத தொறந்து பாத்து, ஒரு எடத்துல மாத்தி, என்ன ஆகுதுன்னு பாத்து, அப்புறம் இன்னொரு எடம். எடுத்துக்கோ, மாத்திக்கோன்னு எழுதுனவரே சொல்லியிருக்காரு, இங்க பாருங்க. ஆனா மேல இருக்குற அவர் பேர மட்டும் தொடாதீங்க. அது அப்படியே இருக்கணும். உங்க பேர அதுக்குக் கீழ போடுங்க."

"அவர் பேர் மேல இருந்தா, அது அவருதுன்னுதானே ஆகும்?"

"ஐயோ, இல்ல ஆன்டி. பேர எடுத்தாத்தான் திருட்டு. வெச்சிருந்தா மரியாதை."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அன்று எனக்கு ஏறவில்லை. திருட வந்தவன் முதலில் அழித்திருக்க வேண்டிய வரியை நீ அழிக்கவில்லை. அழித்திருந்தால் நான் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நீ பரிசு வாங்கியிருப்பாய். உன் நேர்மைக்கு இருந்த ஒரே சாட்சியை எடுத்து உனக்கு எதிராகக் கொடுத்திருக்கிறேன், அதுவும் நேர்மையின் பெயரால்.

வகுப்பை நான் விடவில்லை. பத்து வாரத்தில் அதே கடிகாரத்தை மூன்று கணினி மொழிகளில் எழுத வைத்தாள். முதலில் ஜாவாஸ்கிரிப்ட், பிறகு பைத்தான், பிறகு லூவா. ஒன்றில் வரி முடிந்ததற்கு அடையாளம் போட வேண்டும். ஒன்றில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே இலக்கணம். ஒன்று மட்டும் எண்ணுவதை ஒன்றிலிருந்து தொடங்கும், மற்ற இரண்டும் சுழியத்திலிருந்து. முதலாவதில் பார்த்து எழுதியவள் இரண்டாவதில் பாதியைப் பார்க்காமல் எழுதினேன். மூன்றாவதில் பார்க்க எதுவும் இல்லை. ஷாமினி எதையும் அனுப்பவில்லை. "இப்ப நீங்களே," என்றாள். நான் எழுதிய கடிகாரம் ஓடியது. எழுபத்தொரு வயதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. பிளக்கினும் ஒன்று எழுதினேன். பெரிய மென்பொருள் ஒன்றோடு ஒட்டவைத்து அதற்கு ஒரு புது வேலை கற்றுத்தருவது அது. ஏற்கெனவே நடக்கும் ஒரு குடும்பத்துக்குள் மருமகளாய்ப் போவதைப் போல, வீட்டின் வழக்கம் தெரியாமல் எதையும் தொட முடியாது. சந்தோஷத்தோடு பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பதினேழு வயதில் உனக்கு இருந்தது இதுதானே என்று தோன்றியது. இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

உன் அப்பாவின் பழைய கணினியை நான் தூக்கிப் போடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் மகன் வந்து அதைத் திறந்து, உள்ளிருந்ததை எனக்கு ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தான். உன் விட்ஜெட் இருந்தது. விடைத்தாள் திருத்துவதைப் போல வரி வரியாகப் படித்தேன். முதல் வரியில் அந்த வெளிநாட்டுக்காரர். இரண்டாவது வரியில் நீ. அன்று எனக்கு அந்த இரண்டாவது வரி தெரியவேயில்லை. மூன்றாவது வரியில், தமிழ்ச் சொற்களுக்கு உதவியது அம்மா என்று இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

அவருடைய வரிகளில் நீ மிச்சம் வைத்தது முப்பதுக்குள்தான் இருக்கும். மற்றதெல்லாம் உன்னுடையது. பக்கத்தில் இன்னொரு கோப்புறையில் அதே ரயில் விட்ஜெட் பைத்தானில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் லூவாவில். அந்த மூன்றாவதன் மேலே வேறு யாருடைய பெயரும் இல்லை, உன் பெயர் மட்டும். அதைப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் நான் குறைசொல்ல ஒரு வரிகூட இருந்திருக்காது. நீ அனுப்பியது முதலில் எழுதியதை, ஏனென்றால் அதுதான் அப்பா பயன்படுத்திக்கொண்டிருந்தது. நான்காவது கோப்புறைக்கு பிளக்கின் என்று பெயர் வைத்திருந்தாய். உள்ளே இரண்டு வரிதான். அதற்குமேல் எதுவும் இல்லை. நீ எங்கே நிறுத்தினாய் என்று எனக்கு இப்போது படிக்கத் தெரிகிறது.

போன வியாழக்கிழமை தினேஷைப் பார்க்கப் போனேன். சுங்கை பூலோவில் இருக்கிறான், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கொமுட்டரில் போய், அங்கிருந்து டாக்சியில் போனேன். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"ஆன்டி? நீங்களா? பிரகாஷுக்கு ஏதாச்சும்…?"

"நல்லாருக்கான். அவனுக்குக் கல்யாணம்."

"கேள்விப்பட்டேன். உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

"சொல்ல வேண்டியத சொல்லிடுறேன். அப்புறமும் நீ கூப்பிட்டா வரேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "அந்த லெட்டர்தானே ஆன்டி? நான்தானே போஸ்ட் பண்ணேன்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அவன் பேர எடுத்த அன்னிக்கே. கவர்ல உங்க எழுத்து. எங்க எல்லார் கட்டுரையையும் சிவப்பு மையில கிழிச்சது அந்த எழுத்துதானே, மறக்குமா?"

"ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? 'டேய், நான் இல்ல, உங்கம்மா'ன்னா? அவன் அடிச்சது ரெண்டு நாள்ல சரியாயிரும். அத சொன்னா அவன் எங்க போவான்? உங்க வீட்டுக்குத்தானே சோறு திங்கப் போகணும்."

அவன் வேனின் கதவைத் திறந்து அதன் படியில் என்னை உட்கார வைத்தான். என்மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"இல்லன்னா பொய். ஆனா உங்க மேலவிட அவன் மேலதான் ஜாஸ்தி. பதினேழு வருஷம். ஒரு வாட்டி, 'நீயாடா?'ன்னு கேட்டிருக்கலாம் லா. கேக்கவே இல்ல."

அதைக் கேட்டு, என் மகனைக் குறை சொல்லாதே என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவதை நீ வேறு எங்கே கற்றிருப்பாய்? நம் வீட்டில்தான். என்னிடம்தான்.

கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. சிரித்தான். "வேணாம் ஆன்டி. உங்க கையால வாங்குன கவர் ஒண்ணே போதும். அவன் வந்து கூப்பிடட்டும், வரேன். ரெண்டு நாள் லீவு போட்டுட்டே வரேன்." இந்தக் கடிதத்தில் அவன் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க. ஆனா நல்லவனா காட்டாதீங்க, என் பொண்டாட்டி நம்ப மாட்டா," என்றான். பிறகு உள்ளே அழைத்துப் போய் மைலோ கலந்து கொடுத்தான். குடித்தேன்.

அவன் முகவரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். திருமணத்துக்கு இன்னும் முப்பத்துநான்கு நாள் இருக்கிறது. தனியாகப் போகாதே, மீனாவையும் அழைத்துப் போ. நீ ஒருவரிடம் போய் 'நான் கேட்காமல் விட்டேன்' என்று சொல்வதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அங்கே என்னைக் காப்பாற்றிப் பேசாதே. 'அம்மா நல்லதுக்குத்தான் செஞ்சாங்க' என்று உன் வாயில் வரும். உனக்கு அப்படிப் பேசிப் பழக்கம். விழுங்கிவிடு.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே சரி என்பாய், கல்யாண வேலைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு வேலையாக முடிந்துவிடும். மெதுவாகச் செய். கோபம் வந்தால் வரட்டும். என்னோடு பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன், ஆனால் உனக்காகக் காத்திருப்பதாக யாரிடமும் சொல்லிப் புலம்ப மாட்டேன்.

ஒன்று மட்டும் பாக்கி. உன் அத்தை போனில் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். "அண்ணி, தாலித்தட்டெல்லாம் சுமங்கலிங்க எடுத்துக்கட்டும். நீங்க பின்னால நாற்காலி போட்டு நிம்மதியா ஒக்காந்து பாருங்க," என்றார். என் மகன் கல்யாணத்தில் நான் முன்னால்தான் நிற்பேன் என்று அவரிடம் சண்டை போட்டேன். நீயும் என் பக்கம் நின்று, அம்மா நிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் என்று கத்தினாய். அப்போது உனக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் நீ கொடுத்த இடத்தில் நான் நிற்கக் கூடாது. இப்போது தெரிந்துகொண்டாய். மணவறையில் என் இடம் எது என்று மறுபடியும் சொல். கணவன் இல்லாதவள் என்று அவர்கள் சொன்னால் ஓர் அடிகூட நகர மாட்டேன். நீ சொன்னால் கடைசி வரிசைக்குப் போய், நிமிர்ந்து உட்கார்ந்து, நீ தாலி கட்டுவதை அங்கிருந்து பார்ப்பேன்.

அம்மா